அரிசி மூட்டைக்கு அப்புறம் எம்எல்ஏவிடம் என்ன கேட்கலாம்?

உங்கள் தொகுதி எம்எல்ஏ யார்? கூகுள் பண்ணாமல் சொல்லுங்கள் பார்ப்போம்.

சொல்லிட்டீங்கன்னா அடுத்த கேள்வி. 2020 லாக்டவுன் சமயத்தில் உங்கள் ஊரில் எம்எல்ஏவாக இருந்தவர் என்ன செய்தார்? இந்தக் கேள்வியை நான் ஹாஸ்டலில் பலரிடம் கேட்டுப் பார்த்தேன். வருகிற பதில் இரண்டே இரண்டு வகைதான். ஒன்று, "அரிசி கொடுத்தார், காய்கறிப் பை கொடுத்தார், கபசுரக் குடிநீர் கொடுத்தார்." இன்னொன்று, "ஆளையே காணோம்." கொடுத்தவர் நல்லவர், கொடுக்காதவர் கெட்டவர். மார்க் ஷீட் முடிஞ்சது.

இந்த மார்க் ஷீட் போதாது என்பதுதான் என் கருத்து. அரிசி கொடுத்தது தப்பு என்று சொல்ல வரவில்லை. ஆனால் கொள்ளைநோய்க் காலத்தில் ஒரு எம்எல்ஏவால் மட்டுமே செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. எதை மூடுவது, எதை எப்போது திறப்பது என்று முடிவெடுக்கிற இடத்தில், "என் தொகுதியில் இது வேலைக்கு ஆகாது" என்று பதிவாகிற மாதிரி சொல்லுகிற வேலை. 2020-ல் அந்த வேலை நடக்கவே இல்லை. நடக்கவில்லை என்பதை நாமும் கவனிக்கவில்லை.

ஆறு வருஷம் ஆன கதையை இப்போ எதுக்குத் தூக்கிட்டு வர்றேன்னு கேட்கலாம். காரணம் இரண்டு. 2026-ல் சட்டமன்றத் தேர்தல். இந்த இதழைப் படிக்கிற பெரும்பாலானோருக்கு எம்எல்ஏவைத் தேர்ந்தெடுக்கும் முதல் ஓட்டு அது. இரண்டாவது, ஃபைனல் இயர் மக்களே, நாம யாருன்னு ஞாபகம் இருக்கா? 2020-ல் பத்தாம் வகுப்பு எழுத வேண்டியிருந்த பேட்ச். "ஆல் பாஸ்" பேட்ச். திறக்கிறதா மூடுறதா என்ற குழப்பத்தை நேரடியாக அனுபவித்தவர்கள் நாம்தான்.

சபை மூடிய நாள்

முதலில் தேதிகள்.

2020 மார்ச் 24. அன்று மாலை 6 மணிக்குத் தமிழ்நாடு முழுக்க 144 தடை உத்தரவு அமலுக்கு வந்தது. அன்று நள்ளிரவிலிருந்து நாடு முழுக்க ஊரடங்கு. அதே மார்ச் 24-ல்தான் தமிழ்நாடு சட்டமன்றத்தின் பட்ஜெட் கூட்டத்தொடரும் சுருக்கி முடிக்கப்பட்டது. அதில் தப்பு சொல்ல முடியாது. 234 பேரை ஒரே ஹாலில் உட்கார வைக்க அது நேரமில்லை.

சபை மறுபடி கூடியது எப்போது தெரியுமா? செப்டம்பர் 14. கோட்டையில் இடைவெளி விட்டு உட்கார இடம் போதாது என்பதால் கலைவாணர் அரங்கத்தில். இரண்டு தேதிக்கும் நடுவில் 174 நாள். நம் அரசியலமைப்புச் சட்டத்தின் 174-வது பிரிவு, ஒரு கூட்டத்தொடருக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஆறு மாதத்துக்கு மேல் போகக்கூடாது என்கிறது. நம்பர் ஒத்துப்போனது வெறும் தற்செயல். ஆனால் கெடு முடிய சில நாட்கள் இருக்கும்போதுதான் கூட்டினார்கள் என்பது தற்செயல் மாதிரி தெரியவில்லை.

அதுவும் மூன்றே நாள். முதல் நாள் இரங்கல் தீர்மானங்களோடு முடிந்தது. மீதி இரண்டு நாளில்தான் எல்லாமே. அண்ணா பல்கலைக்கழகத்தை இரண்டாகப் பிரிக்கும் மசோதா நிறைவேறியதும் அந்த இரண்டு நாளுக்குள்தான். நம்ம யூனிவர்சிட்டி விஷயம். எத்தனை பேருக்குத் தெரியும்?

அந்த 174 நாளில் மாநிலம் சும்மா இருந்ததா? இல்லை. நம் தலைமுறை பார்த்ததிலேயே பெரிய முடிவுகள் எல்லாம் அந்த நாட்களில்தான் எடுக்கப்பட்டன. எல்லாமே அரசாணைகளாக வந்தன. 2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டமும், 1897-ல் வெள்ளைக்காரன் போட்ட தொற்றுநோய்ச் சட்டமும் அதற்கான அதிகாரத்தைக் கொடுத்தன. ஒவ்வொரு முறை ஊரடங்கை நீட்டிக்கும் முன்பும் முதல்வர் மருத்துவ நிபுணர் குழுவோடு பேசினார், மாவட்ட ஆட்சியர்களோடு காணொலியில் பேசினார். டிவியில் பார்த்திருப்பீர்கள். அந்தத் திரையில் கட்டம் கட்டமாக கலெக்டர்கள் இருந்தார்கள். எம்எல்ஏக்களுக்குக் கட்டம் இல்லை.

அதற்குச் சட்டத்திலேயே காரணம் இருக்கிறது. பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 25-வது பிரிவு, மாவட்ட அளவிலான ஆணையத்தில் யார் யார் இருக்க வேண்டும் என்று பட்டியல் போடுகிறது. தலைவர் கலெக்டர். இணைத்தலைவர், உள்ளாட்சியில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு பிரதிநிதி. அப்புறம் எஸ்பி, மாவட்டத்தின் தலைமை மருத்துவ அதிகாரி, வேறு சில அதிகாரிகள். எம்எல்ஏ என்ற வார்த்தையே அந்தப் பட்டியலில் கிடையாது.

ஆக, சபை இல்லை, மாவட்டக் குழுவிலும் இடம் இல்லை. மிச்சம் என்ன இருக்கு? அரிசி மூட்டைதான். ஏப்ரல் 2020-ல் அதற்கும் ஒரு தடை வந்தது. கட்சிகளும் தொண்டு அமைப்புகளும் நேரடியாக நிவாரணம் கொடுக்கக் கூடாது என்று அரசு சொன்னது. விஷயம் சென்னை உயர் நீதிமன்றம் வரை போய், நிபந்தனைகளோடு அனுமதி கிடைத்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதிகள் கோர்ட்டுக்குப் போய் வாங்கிய உரிமை, பேச்சுரிமை இல்லை. விநியோக உரிமை.

எட்டு மண்டலம், ஒரு கோடு

"சபை கூடியிருந்தா மட்டும் என்ன கிழிச்சிருப்பாங்க?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஒரு உதாரணம் பார்ப்போம்.

2020 ஜூன் 1 முதல் தமிழ்நாட்டை எட்டு மண்டலமாகப் பிரித்தார்கள். 7-வது மண்டலம் காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருவள்ளூர். 8-வது சென்னை. இந்த இரண்டிலும் பஸ் கிடையாது. மற்ற ஆறு மண்டலங்களில் பாதி பஸ்கள் ஓடும், மண்டலத்துக்குள் எங்கு போனாலும் இ-பாஸ் வேண்டாம். மண்டலம் தாண்டினால் இ-பாஸ் வேண்டும்.

ஐடியா நல்ல ஐடியா. சென்னையில் நோய் கொதிக்குது என்பதற்காகத் தென்காசியை ஏன் பூட்டி வைக்கணும்? முதல் மண்டலத்தைப் பாருங்கள்: கோவை, நீலகிரி, ஈரோடு, திருப்பூர், கரூர், சேலம், நாமக்கல். நூல், நெசவு, பின்னலாடை, சாயம் என்று ஒன்றையொன்று நம்பி ஓடுகிற மாவட்டங்களை ஒன்றாக வைத்திருக்கிறார்கள். யோசித்துப் போட்ட கோடுதான், மறுக்கவில்லை.

ஆனால் கோட்டின் ஓரத்தில் இருக்கிற ஊரைப் பாருங்கள். பழனி, திண்டுக்கல் மாவட்டம், 5-வது மண்டலம். உடுமலைப்பேட்டை, திருப்பூர் மாவட்டம், 1-வது மண்டலம். இரண்டுக்கும் நடுவில் சுமார் 35 கிலோமீட்டர். அந்த ஜூன் மாத விதிப்படி, பழனியில் இருப்பவர் பாஸ் இல்லாமல் ராமேஸ்வரம் வரை போகலாம், ஏன்னா ராமநாதபுரமும் 5-வது மண்டலம்தான். பக்கத்து உடுமலைக்குப் போக பாஸ் எடுக்கணும். குளித்தலையும் இதே கதை. கரூருக்கும் திருச்சிக்கும் நடுவில் இருக்கிற ஊர். கரூர் 1-வது மண்டலம், திருச்சி 4-வது. குளித்தலைக்காரர் பாஸ் இல்லாமல் கோவை போகலாம், திருச்சிக்குப் போக முடியாது.

மேப்பில் பார்த்தால் இது தெரியாது. மாவட்ட எல்லை என்பது நிர்வாகத்துக்காகப் போட்டது. மனுஷன் வேலைக்கும் சந்தைக்கும் போகிற பாதை அதுக்கு எப்பவுமே கட்டுப்பட்டதில்லை. யார் எங்கே வேலைக்குப் போகிறார்கள், எந்த ஊர்ச் சரக்கு எந்தச் சந்தைக்குப் போகிறது என்று ஒரு மாவட்டத்தில் இரண்டு மூன்று வருஷம் இருந்துவிட்டு மாற்றலாகிப் போகும் அதிகாரியைவிட, அந்த ஊரில் ஓட்டு கேட்டுத் தெருத் தெருவாக நடந்தவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தே ஆக வேண்டும், அது அவருடைய பிழைப்பு.

ஆளுங்கட்சி எம்எல்ஏ ஒருவர் அமைச்சருக்கு போன் போட்டு இதைச் சொல்லியிருக்கலாம். சிலர் கட்டாயம் சொல்லியிருப்பார்கள். ஆனால் போனில் சொன்னதற்கு ரெக்கார்ட் கிடையாது. "ஏன் செய்யவில்லை?" என்று அப்புறம் யாரும் கேட்க முடியாது. சபையில் கேட்டால் அமைச்சர் எழுந்து பதில் சொல்லியாக வேண்டும். அது அவைக்குறிப்பில் ஏறும். அடுத்த நாள் பேப்பரில் வரும். பழனியில் இருக்கிற ஒருத்தர் அதைப் படித்து, "நம்ம பிரச்சினையைப் பேசியிருக்காங்க" என்று நினைப்பார். இல்லையென்றால், "இவர் பேசவே இல்லை" என்று தெரிந்துகொள்வார். இரண்டுமே தெரிய வேண்டிய விஷயம்தான்.

கண்ட்ரோல் சிஸ்டம்ஸ் படிச்சவங்களுக்கு ஈஸியா சொல்றேன். ஃபீட்பேக் வயரைக் கழட்டிவிட்டு ஆறு மாதம் ஓட்டிய சிஸ்டம் அது. "கலெக்டர் ரிப்போர்ட் அனுப்பினாரே, அது ஃபீட்பேக் இல்லையா?" ஃபீட்பேக்தான். ஆனால் அந்த சென்சாரைப் போஸ்டிங் போடுவதும் டிரான்ஸ்ஃபர் செய்வதும் கண்ட்ரோலரே. கண்ட்ரோலர் தப்பு என்று பப்ளிக்காகச் சொல்ல அந்த சென்சாரால் முடியாது. எம்எல்ஏவால் முடியும். அவரை அனுப்பியது நாம்.

பேச்சு எங்கே நடந்தது?

சபை மூடியிருந்தால் விவாதம் நின்றுவிடும் என்று நினைத்தால் தப்பு. அது வேறு இடம் தேடிக்கொள்ளும். 2020-ல் அது கோர்ட்டுக்குப் போனது.

டாஸ்மாக்கை எடுத்துக்கொள்ளுங்கள். மே 7 அன்று சென்னை தவிர மற்ற இடங்களில் கடை திறந்தார்கள். கூட்டத்தை நாடே பார்த்தது. மறுநாளே உயர் நீதிமன்றம் மூடச் சொன்னது. மே 15 அன்று உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவுக்குத் தடை போட்டது. மே 16 அன்று கடை மறுபடி திறந்தது. பத்து நாளில் திற, மூடு, திற. வருமானம் முக்கியமா, கூட்டம் ஆபத்தா என்பது சட்டக் கேள்வி இல்லை, கொள்கைக் கேள்வி. அதைப் பேசத்தான் சபை என்று ஒன்று வைத்திருக்கிறோம். பேசியது வக்கீல்கள்.

அடுத்தது நம்ம கதை. பத்தாம் வகுப்புப் பரீட்சை மார்ச் 27-ல் தொடங்க வேண்டியது. தள்ளிப் போனது. ஜூன் 1 என்றார்கள். பிறகு ஜூன் 15 என்றார்கள். ஹால் டிக்கெட், மாஸ்க், ஒரு ரூமுக்கு எத்தனை பேர் என்று எல்லாம் ரெடி. ஜூன் 8 அன்று உயர் நீதிமன்றம் கடுமையாகக் கேள்வி கேட்டது. ஜூன் 9 அன்று பரீட்சை ரத்து. 9 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் விஷயம், பரீட்சைக்கு ஆறு நாள் முன்புவரை தெரியாது. காலாண்டு, அரையாண்டு மார்க்குக்கு 80 சதவீதம், வருகைப் பதிவுக்கு 20 சதவீதம் என்று போட்டு முடித்தார்கள். காலாண்டுப் பரீட்சையை அலட்சியமாக எழுதியவர்கள் இன்னும் அந்த மார்க் ஷீட்டைப் பிளேஸ்மென்ட் ஃபார்மில் டைப் செய்துகொண்டிருக்கிறார்கள்.

ரத்து செய்தது சரி என்றே நான் நினைக்கிறேன். அந்த முடிவை ஏப்ரலிலேயே, மே மாதத்திலேயே, எல்லாத் தொகுதி நிலைமையையும் கேட்டுவிட்டு எடுத்திருக்கலாமே என்பதுதான் கேள்வி. பஸ் ஓடாத கிராமத்திலிருந்து பரீட்சை சென்டருக்கு எப்படி வருவார்கள், ஹாஸ்டலில் படித்து ஊருக்குப் போனவர்கள் எப்படித் திரும்புவார்கள் என்பதெல்லாம் தொகுதிக்குத் தொகுதி மாறுகிற பதில்கள்.

நம் சீனியர்களுக்கு நடந்ததும் இதேதான். 2020 ஆகஸ்ட் 26 அன்று, கட்டணம் கட்டியிருந்தால் அரியர் பரீட்சையும் பாஸ் என்று அறிவிப்பு வந்தது. இறுதி செமஸ்டர் மட்டும் விலக்கு. முதல்வருக்குப் போஸ்டர், பேனர், மீம் என்று கொண்டாடினார்கள். அதுவும் கோர்ட்டுக்குத்தான் போனது. ஒரு பட்டத்தின் மதிப்பு சம்பந்தப்பட்ட விஷயத்தில் ஒரு மணி நேர விவாதம்கூட சபையில் முன்கூட்டியே நடக்கவில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் அரசு கீழே இறங்கிக் கேட்டது. நவம்பர் 16-ல் பள்ளி திறக்கலாமா என்று, நவம்பர் 9 அன்று பள்ளிகளில் பெற்றோரிடம் கருத்து கேட்டார்கள். மூன்று நாளில் திறப்பைக் கைவிட்டார்கள். கேட்டதற்குப் பாராட்டு. ஆனால் பஸ்ஸுக்கு எட்டு மண்டலம் போட்ட மாநிலம், பள்ளிக்கு ஒரே மண்டலம்தான் போட்டது. சென்னையின் நெரிசலான பள்ளிக்கும், ஐம்பது பிள்ளைகள் மரத்தடியில் உட்காரக்கூடிய மலைக்கிராமப் பள்ளிக்கும் ஒரே பூட்டு. நாம் பதினொன்றாம் வகுப்புக்குள் கால் வைத்தது 2021 பிப்ரவரி 8. செல்போன் இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்த எட்டு மாதம் என்ன ஆனது என்று நமக்குத் தெரியும். அவர்களில் சிலர் நம்மோடு இந்த காலேஜுக்கு வந்து சேரவே இல்லை.

"எமர்ஜென்சியில் இதெல்லாம் முடியுமா?"

முடியும் என்பதற்கு மூன்று உதாரணம்.

ஒன்று, லண்டன். பிரிட்டன் நாடாளுமன்றத்தின் கீழவை 2020 ஏப்ரல் மாதமே கலப்பு முறைக்கு மாறியது. சபைக்குள் சுமார் 50 பேர், ஜூமில் 120 பேர் வரை. பிரதமரைக் கேள்வி கேட்கும் நேரம்கூட அப்படி நடந்தது. நெட் கட்டானது, மியூட்டில் பேசினார்கள், எல்லாம் நடந்தது. நம்ம ஆன்லைன் கிளாஸ் மாதிரியேதான். பத்தாவது, பதினொன்றாவது படிக்கிற பிள்ளைகளால் சமாளிக்க முடிந்த டெக்னாலஜி அது. 234 பேருக்கு முடியாதா?

இரண்டு, நியூயார்க் மாநிலம். அதை 10 பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றும் 7 அளவுகோல்களைத் தாண்டினால்தான் திறக்கலாம் என்று முன்கூட்டியே எழுதி வெளியிட்டார்கள். மருத்துவமனைப் படுக்கையில் 30 சதவீதம் காலியாக இருக்கணும், லட்சம் பேருக்கு 30 தொடர்பறியும் பணியாளர்கள் வேண்டும், இந்த மாதிரி. மே 15 அன்று ஐந்து பகுதிகள் திறந்தன. நியூயார்க் நகரம் கடைசியாக ஜூன் 8-ல். ஒவ்வொரு பகுதிக்கும் உள்ளூர்ப் பிரதிநிதிகள் கொண்ட கண்காணிப்பு அறை இருந்தது. எந்த நம்பரில் மாட்டிக்கொண்டிருக்கிறோம் என்று சாதாரண ஆளுக்கும் தெரியும். அங்கேயும் எல்லாம் சுத்தம் இல்லை. 2020 மார்ச்சில் ஆளுநர் ஆண்ட்ரூ குவாமோவுக்குச் சட்டமன்றமே கூடுதல் அதிகாரத்தைத் தூக்கிக் கொடுத்தது. ஒரு வருஷம் கழித்து, 2021 மார்ச்சில், அதே சட்டமன்றம் வாக்கெடுப்பு நடத்தி அதைக் குறைத்தது. கொடுத்ததும் சபை, திரும்ப எடுத்ததும் சபை. அந்தப் பழக்கம்தான் முக்கியம்.

மூன்று, வேறெங்கும் போக வேண்டாம், நம்ம தமிழ்நாடு. 2021 மே மாதம், இரண்டாம் அலை உச்சத்தில் இருந்தபோது, புதிதாக வந்த அரசு சட்டமன்றக் கட்சிகளின் கூட்டத்தைக் கூட்டி, 13 கட்சி எம்எல்ஏக்கள் கொண்ட ஆலோசனைக் குழுவை அமைத்தது. சில நாட்களுக்கு முன்பு வரை சுகாதார அமைச்சராக இருந்த அதிமுகவின் சி. விஜயபாஸ்கரும் அதில் ஒரு உறுப்பினர். அது ஆலோசனைக் குழுதான், அதிகாரம் எதுவும் கிடையாது. 13 பேர் 234 தொகுதியாகவும் ஆக மாட்டார்கள். ஆனாலும் "நெருக்கடியில் எம்எல்ஏவிடம் கேட்க நேரமில்லை" என்ற சாக்கு அன்றோடு செல்லாமல் போனது. முதல் அலையைவிட மோசமான அலையில் நேரம் இருந்தது.

நிவாரணம் கொடுத்தவர்கள் முட்டாள்களா?

இல்லவே இல்லை. இதைச் சொல்லாமல் போனால் இந்தக் கட்டுரை அநியாயம்.

தெலங்கானாவில் முலுகு தொகுதி எம்எல்ஏ சீதக்கா. 2020 ஊரடங்கில் காட்டுக்குள் இருக்கும் பழங்குடிக் குடியிருப்புகளுக்கு அரிசியும் காய்கறியும் தூக்கிக்கொண்டு போனார். ரோடு இல்லாத இடத்தில் டிராக்டர், மாட்டு வண்டி, அதுவும் போகாத இடத்தில் நடை. அரசு போய்ச் சேராத இடத்துக்கு ஒரு எம்எல்ஏ போய்ச் சேர்ந்தால் அது பெரிய விஷயம். ஆனால் அந்தப் பயணத்தின் இன்னொரு பலனை யோசித்துப் பாருங்கள். எந்தக் குடியிருப்புக்கு ரோடே இல்லை என்று அவருக்குக் காலால் தெரியும். அந்த அறிவு ஒரு சபையில் பேசப்படும்போதுதான் அங்கே ரோடு வரும். மூட்டை ஒரு மாதம் தாங்கும்.

நம்ம ஊரில் ஜெ. அன்பழகன். சேப்பாக்கம்-திருவல்லிக்கேணி திமுக எம்எல்ஏ. 2020 ஊரடங்கில் நிவாரணப் பணியில் இருந்தவர், கொரோனா தொற்றி ஜூன் 10 அன்று இறந்துபோனார். அன்று அவருடைய 62-வது பிறந்தநாள். இந்தியாவில் கொரோனாவால் இறந்த முதல் எம்எல்ஏ அவர்தான். சென்னையின் நெரிசலான பகுதிகளில் ஒன்று அந்தத் தொகுதி. அங்கே வீட்டுத் தனிமை என்றால் என்ன, ஒரே ரூமில் ஆறு பேர் இருக்கும் வீட்டில் தனிமை எங்கே என்று அவர் கண்ணால் பார்த்திருப்பார். அதைச் சொல்ல அவருக்குச் சபை இல்லை. செப்டம்பர் 14 அன்று சபை கூடியபோது அவருக்கு இரங்கல் தீர்மானம் வாசித்தார்கள்.

அவரைத் தெருவுக்கு அனுப்பியதில் நமக்கும் பங்கு இருக்கு. நாம் எம்எல்ஏவை அளக்கிற ஒரே ஸ்கேல், எத்தனை மூட்டை கொடுத்தார் என்பது. தெருவில் இறங்கி, கூட்டத்துக்கு நடுவில் நின்று, கையால் கொடுத்தால்தான் "வேலை செய்யறார்" என்கிறோம். ஸ்டேட்டஸில் போடவும் போட்டோ வேணும். சபையில் ஒரு நல்ல கேள்வி கேட்டதை யார் ஸ்டேட்டஸ் வைக்கிறோம்? நாம் எதற்கு மார்க் போடுகிறோமோ அதைத்தான் அவர்கள் படிக்கிறார்கள். இன்டர்னல் மார்க் எதற்கு வருதோ அந்த யூனிட்டை மட்டும் படிக்கிற நமக்கு இது புரியாதா என்ன?

"வைரஸ் விஷயத்தை டாக்டர்கள் முடிவு பண்ணட்டும், அரசியல்வாதி எதுக்கு?" என்று நண்பன் ஒருவன் கேட்டான். நோய் எப்படிப் பரவும் என்று டாக்டர் சொல்லட்டும், அதில் எம்எல்ஏ மூக்கை நுழைக்கக் கூடாது. ஆனால் 2020 ஏப்ரல் 24-ல் ஐந்து மாநகரங்களுக்கு முழு ஊரடங்கு என்று அறிவித்தபோது, மறுநாள் சனிக்கிழமை எல்லோரும் மார்க்கெட்டுக்கு ஓடினார்களே, அதை முன்கூட்டியே சொல்ல எம்பிபிஎஸ் வேண்டுமா? வீட்டில் ஃப்ரிட்ஜ் இல்லாதவர் எப்படி நான்கு நாள் காய்கறி வாங்கி வைப்பார் என்று தெரிந்தால் போதும். கோயம்பேட்டில் தொற்று பெருகியதும், மே 5 அன்று மார்க்கெட்டை மூடியதும், அங்கே வேலை பார்த்தவர்கள் ஊருக்குத் திரும்பிக் கடலூர், விழுப்புரம், அரியலூர் என்று எண்ணிக்கை ஏறியதும் அதற்குப் பிறகு நடந்தவை. கோயம்பேட்டில் மூட்டை தூக்குபவர் எந்த ஊர்க்காரர் என்பது மருத்துவ அறிவு இல்லை. தொகுதி அறிவு.

மூன்று கேள்விகள்

அடுத்த கொள்ளைநோய் எப்போது வரும் என்று எனக்குத் தெரியாது. வெள்ளம் வரும், புயல் வரும், அதிலும் இதே பேரிடர் மேலாண்மைச் சட்டம்தான், இதே கலெக்டர் கூட்டம்தான். அதனால் 2026-ல் உங்கள் தெருவுக்கு வேட்பாளர் வரும்போது, எந்தக் கட்சியாக இருந்தாலும் சரி, மூன்று கேள்வி கேளுங்கள்.

முதல் கேள்வி: நெருக்கடி காலத்தில் சபையை ஆன்லைனிலாவது கூட்ட வேண்டும் என்று விதி மாற்றக் கேட்பீர்களா? ஆறு மாதக் கெடு என்பது அதிகபட்சம். அதையே அளவாக வைத்துக்கொள்ளக் கூடாது.

இரண்டாவது: மாவட்டப் பேரிடர்க் குழுவில் அந்த மாவட்ட எம்எல்ஏக்களுக்கும், எதிர்க்கட்சிக்காரராக இருந்தாலும், இடம் வேண்டும் என்று பேசுவீர்களா? முடிவு கலெக்டரே எடுக்கட்டும். இவர்கள் சொன்னது குறிப்பில் ஏறட்டும்.

மூன்றாவது: ஏற்கெனவே எம்எல்ஏவாக இருந்தவர் என்றால், போன ஐந்து வருஷத்தில் நம் தொகுதிக்காகச் சபையில் கேட்ட ஒரு கேள்வியைச் சொல்லுங்கள். ஒன்றே ஒன்று போதும்.

மூன்றாவது கேள்விக்கு அவர் தடுமாறலாம். பக்கத்தில் இருக்கிறவர், "தம்பி, லாக்டவுன்ல அண்ணன்தான் எல்லாருக்கும் அரிசி கொடுத்தாரு" என்று சொல்லலாம். "தெரியும்ணே, எங்க வீட்டுக்கும் வந்துச்சு, நன்றி" என்று சொல்லுங்கள். உண்மைதானே. சொல்லிட்டு, கேள்வியை இன்னொரு தடவை கேளுங்கள்.